வெளிநாட்டு நம்பர் வந்தால் எடுக்காதே

"இதுல பேசறது என் தம்பி இல்ல" என்றாள் அந்தப் பெண், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே. போனை எங்கள் மேஜைமேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்கள் முதலில் மாடிப்படியைத் திட்டுவார்கள். பிறகு கீழே சலவைக்கடையிலிருந்து ஏறிவரும் ஆவியைத் திட்டுவார்கள். அதற்கப்புறம்தான் காணாமல் போன நாய், கணவன், நகை என்று ஏதாவது ஒன்றைப் பற்றி வாயைத் திறப்பார்கள். இவள் எதையும் திட்டவில்லை.

என் முதலாளியை இந்த வட்டாரத்தில் 'தும்மல்' என்று சொன்னால்தான் தெரியும். பலகையில் 'துப்பறியும் நிபுணர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, யார் படிக்கிறார்கள்? தூசிக்குத் தும்முவார், ஆவிக்குத் தும்முவார், யாராவது பொய் சொன்னாலும் தும்முவார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தக் கடைசிப் பேச்சைக் கிளப்பிவிட்டவள் நான்தான். வியாபாரம் நடக்க வேண்டாமா? நான் அவருடைய உதவியாளர். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் வாயாடி. நான் மறுத்துப் பேசினால் பெயர் உறுதியாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

"உக்காருங்கம்மா. தம்பி எங்கே இருக்கார்?" என்றார் தும்மல்.

"அது தெரியாமத்தானே சார் வந்திருக்கேன்."

வந்தவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். சட்டைப்பையில் பேட்ஜ்கூட இன்னும் தொங்கியது. தம்பி லிஃப்ட் மெக்கானிக். புது மாதிரி லிஃப்ட் பற்றிப் படித்துவரக் கம்பெனி அவனை வெளிநாட்டுக்கு அனுப்பியது. பயிற்சி முடிந்ததும் லீவு போட்டுவிட்டு அங்கேயே மலைப்பக்கம் சுற்றிப் பார்க்கப் போனான். வர வேண்டிய நாளில் வரவில்லை. 'இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன்' என்று மெசேஜ் மட்டும் வந்தது. அப்புறம் இன்னும் கொஞ்ச நாள். அப்புறம் இன்னும் கொஞ்ச நாள்.

தும்மல் போனை எடுத்து அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டதை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தார்.

"முன்னாடி எல்லாமே வாய்ஸ் மெசேஜா இருக்கே."

"அவனுக்கு டைப் பண்றதுன்னாலே வேப்பங்காய் சார். கை பூரா கிரீஸ். எதுவா இருந்தாலும் வாயாலதான் சொல்லுவான்."

"ஒரு நாளைக்கு அப்புறம் வாய்ஸே இல்ல. எல்லாம் எழுத்து."

"கேட்டேன். தொண்டை சரியில்லன்னு எழுதினான். ஒரு மனுஷனுக்கு இத்தனை நாளா தொண்டை சரியில்லாம இருக்கும்?"

'எங்க சாருக்கு வருஷம் பூரா' என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"இன்னொண்ணு பாத்தீங்களாம்மா? முன்னாடியெல்லாம் பகல் பூரா நீங்க மட்டும்தான் பேசிட்டிருக்கீங்க. சாயங்காலம் ஆனதும் அவர் பதில் மொத்தமா வந்து இறங்குது, கடைசி பஸ்ஸிலிருந்து ஆள் இறங்கற மாதிரி."

"அங்க போயி நெட் கார்டே வாங்கல சார். லாட்ஜ்ல ஓசி வைஃபை. ரூமுக்கு வந்தாத்தான் மெசேஜ் வரும். ரோமிங் போட்டா வீட்டை எழுதி வாங்கிடுவாங்கன்னு சொல்லுவான்."

"இப்போ?"

"இப்போ?" என்று திருப்பிக் கேட்டாள் அவள்.

தும்மல் எங்கள் ஜன்னலைப் படம் எடுத்து அவள் போனிலிருந்தே தம்பிக்கு அனுப்பினார். உடனே இரண்டு டிக். அவர் போனை என் பக்கம் காட்டினார். மலையேறப் போனவன், ஓசி வைஃபையை நம்பி இருப்பவன், பட்டப்பகலில் எங்கள் அழுக்கு ஜன்னலை அந்த நிமிஷமே வாங்கிக்கொண்டான்.

"மலை உச்சியில வைஃபை வெச்சிருப்பாங்களோ என்னவோ" என்றேன்.

"வெச்சிருந்தா நல்லது" என்றார் அவர். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு எழுத்து ஆரம்பித்த நாளுக்குப் போய், இரண்டு மெசேஜ்களுக்கு நடுவே சின்னதாக இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். 'பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது.'

"அது அப்பப்ப வரும் சார். அதை யாரு படிக்கறா?"

"யாரும் படிக்கறதில்ல. அதனாலதான் என் பிழைப்பு ஓடுது. அன்னிக்கு அந்த நம்பர் வேற ஒரு போனுக்குக் குடி மாறியிருக்கும்மா."

அவள் முகம் வெளிறிவிட்டது. "போனைத் திருடிட்டாங்களா? அவனை ஏதாவது பண்ணிட்டாங்களா?"

"திருடன் ஏதாவது கேட்டானா? அவசரம், மாட்டிக்கிட்டேன், பணம் அனுப்பு, அந்த மாதிரி?"

"ஒண்ணுமே கேக்கல சார்." அவள் குனிந்து காலைத் தடவிக்கொண்டாள். "என் குதிகால் வலி எப்படி இருக்குன்னு கேக்கறான்."

அறையில் ஆவி மட்டும் அலைந்துகொண்டிருந்தது. தும்மல் தும்மவில்லை.

"வீட்டுல யாரு இருக்காங்க?"

"அவன் பொண்டாட்டி. கண்ணாடிக் கடையில லென்ஸ் தீட்டற வேலை. கேட்டா, தினமும் பேசறார், நல்லாத்தான் இருக்கார்ங்கறா. என்கிட்ட முகம் குடுத்துப் பேசவே மாட்டா சார். நாத்தனார்னாலே ஆகாது." அவள் எழுந்தாள். "எனக்கு அவனை விட்டா யாரும் இல்ல. உயிரோட இருக்கானா, அதை மட்டும் சொல்லுங்க. திட்டறதை நான் பாத்துக்கறேன்."

*

லிஃப்ட் கம்பெனி ஆபீசில் வரவேற்பறை முழுக்கப் பளபளவென்று பொத்தான்கள். மாடி எண் பொத்தான், கதவு திறக்கும் பொத்தான், மணி அடிக்கும் பொத்தான் என்று மாதிரிக்குச் சுவரில் பதித்து வைத்திருந்தார்கள். நான் ஒன்றை அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பயண ஏற்பாடுகளைக் கவனிக்கும் குமாஸ்தா எங்களை உட்கார வைத்தார். தலைக்கு எண்ணெய், மேஜைக்குக் கண்ணாடி, இரண்டும் மின்னின. கேள்வி கேட்டால் சந்தோஷப்படுகிற மனிதர்.

"அவரா? அவர் கில்லாடி சார். ரோமிங் பேக் கம்பெனி கணக்குல போட்டுத் தரேன்னேன். வேண்டாம், அதுக்குப் பதிலா பயணப்படியில சேத்துக் குடுங்கன்னுட்டார். வெளிநாடு போறவங்களுக்கு நான் இப்ப அவர் சொன்னதைத்தான் பாடமா எடுக்கறேன்." விரலை மடக்க ஆரம்பித்தார். "ஏர்போர்ட்ல சும்மா கெடக்கற சார்ஜர்ல போனைச் சொருகாதே. ஓசி வைஃபையில பாங்க் கணக்கைத் திறக்காதே. வீட்டுக்கு அடிக்கடி பேசாதே, மெசேஜ் போடு. எல்லாத்தையும்விட முக்கியம், சிம்மை எடுத்துட்டே போகாதே."

"சிம்மை எடுத்துட்டுப் போகாம?" தும்மல் முன்னால் சாய்ந்தார்.

"கழட்டி வீட்டுல பழைய போன்ல போட்டு வெச்சுடணும். பாங்க்லேர்ந்து வர்ற ஓடிபி எல்லாம் வீட்டுக்கே வந்துடும். வெளியூர்ல தொலையாது, யாரும் திருட முடியாது, ரோமிங் செலவும் கெடையாது. போனுக்கு வைஃபை போதும், வாட்ஸ்அப் பாட்டுக்கு அதுல ஓடிட்டே இருக்கும். வீட்டம்மாவுக்கும் சொல்லிக்குடுத்துட்டுத்தான் போனார். வெளிநாட்டு நம்பர்லேர்ந்து போன் வந்தா எடுக்காதே, எல்லாம் ஏமாத்துக்காரப் பசங்க, எடுத்தாலே காசு போயிடும்னு."

"அப்புறம் அவரைப் பத்தி யாராவது விசாரிச்சாங்களா?"

"விசாரிச்சாங்களே. அந்த ஊர்ல நம்ம தூதரகத்துலேர்ந்து. உங்க ஆள் எங்கே, தகவல் உண்டான்னு. நான் சும்மா இருப்பேனா? உடனே அவருக்கு மெசேஜ் போட்டேன். உடனே பதில். நல்லா இருக்கேன், லீவை நீட்டிக்கறேன்னு. அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிட்டேன். அதோட சத்தம் அடங்கிடுச்சு." அவர் நாற்காலியில் சாய்ந்த சாய்வில் நாங்கள் கைதட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தது தெரிந்தது.

"எதுக்காகக் கேட்டாங்கன்னு நீங்க கேட்டீங்களா?"

"அது வழக்கமான விசாரணைதானே சார்."

தும்மல் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். வெளியே வந்ததும் என் ஸ்கூட்டரில் ஏறாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். பெரிய மனிதர் படியில் உட்கார்ந்தால் போகிற வருகிறவர்கள் பார்க்க மாட்டார்களா? பார்த்தார்கள். அவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

"கோட்டை விட்டுட்டோம் வாயாடி. போன் எங்கே போச்சு, எவன் கையில இருக்குன்னே யோசிச்சோம். போன்தான் வெளிநாடு போச்சு. நம்பர் வீட்டை விட்டு வெளியவே போகல."

"அப்போ அக்காவோட குதிகாலை விசாரிக்கறது..."

"நீ அந்த நம்பருக்கு போன் பண்ணுவியா?"

"சார், வெளிநாட்டுல இருக்கறவருக்கு நாம பண்ணினா அவருக்குல்ல காசு போகும்..." பாதியில் நிறுத்திவிட்டேன்.

"பாத்தியா. நீயும் அதையேதான் சொல்றே. அக்கா அப்படித்தான் நெனைச்சா. இந்த எண்ணெய்த்தலையும் அப்படித்தான். அவன் கூட்டாளிங்க எல்லாரும் அப்படித்தான். பாவம், அவனுக்கு ரோமிங் ஆகும்னு ஒருத்தர்கூட அந்த நம்பரை நேரா அடிச்சுப் பாக்கல. வாட்ஸ்அப்ல கூப்பிட்டா நெட் சரியில்லன்னு எழுத்து வருது. நம்பிட்டாங்க."

"இப்பவே அடிக்கட்டுமா?"

"இங்க வேணாம். எங்க அடிச்சா மணி கேக்குமோ அங்க போய் அடிப்போம்."

எக்ஸ்ரே அக்காவுக்குத் தகவல் சொல்லி, தம்பி வீட்டுக்கு வரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா என்றேன். எனக்கே என் பொய் கூசியது.

*

லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. 'பழுது' என்று ஒரு அட்டை, அதுவும் பழசு. வேறு நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். எக்ஸ்ரே அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இழுத்து இழுத்து ஏறினாள். நானும் வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே ஏறினேன்.

கதவைத் திறந்தவள் ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு இருந்தாள். கண்ணாடிக் கடைக்கு அன்று விடுமுறை. நாத்தனாரைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க அண்ணி" என்றாள். எங்களைப் பார்த்து யார் என்று கேட்கவில்லை. அதுவே ஒரு பதில்தான்.

சுத்தமான வீடு. சுவரில் அவர்கள் இரண்டு பேரும் எங்கோ ஒரு பூங்காவில் நிற்கும் படம். அவன் சிரிக்கிறான், இவள் அவனைப் பார்க்கிறாள். ஆணியில் அவனுடைய வேலைச் சட்டை தொங்கியது, துவைத்துத் தேய்த்து.

"வீட்டுக்காரர்கிட்டேருந்து தகவல் உண்டாம்மா?" என்றார் தும்மல்.

"காலையிலகூட மெசேஜ் பண்ணினாரே. நல்லா இருக்காராம்."

தும்மல் தும்மினார். நான் கட்டிவிட்ட கதைதான். ஆனாலும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மடியில் வைத்திருந்த போனில் அந்த எண்ணை அமுக்கினேன்.

உள்ளறையில் மணி அடித்தது. துணி அலமாரியிலிருந்து, மடிப்புகளுக்கு நடுவிலிருந்து வருகிற மாதிரி அமுங்கிய சத்தம். எக்ஸ்ரே அக்கா சட்டென்று திரும்பினாள். தும்மலும் திரும்பினார். எந்தச் சத்தம் கேட்டாலும் மனிதர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டுக்காரி மட்டும் திரும்பவில்லை. தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் துண்டிக்கவில்லை. அது தானே அடித்து ஓய்ந்தது.

"என் தம்பியை என்னடி பண்ணினே?" அக்காவின் குரல் கத்தலாக இல்லை. கத்தியிருந்தால் தேவலை. "எங்கடி வெச்சிருக்கே அவனை?"

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணி."

"அவன் போன் உன் அலமாரியில அடிக்குது."

"இது அவரோட பழைய போன். நம்பர் மட்டும்தான் இங்க இருக்கு. புதுப் போன் அவர்கிட்டதான் இருக்கு."

"அப்போ இத்தனை நாளா எனக்கு எழுதினது?"

"நான்தான்."

அக்கா கை ஓங்கிவிட்டாள். நான் குறுக்கே போய்ப் பிடித்துக்கொண்டேன். எக்ஸ்ரே எடுக்கிறவர்களுக்கு ஆட்களைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைத்துக் கையில் நல்ல பலம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"இருங்கம்மா. சொல்லட்டும்" என்றார் தும்மல். "ஏன் எழுதினீங்க?"

"அவர் என்கூடப் பேசறதில்ல சார். அதை எப்படி நான் இவங்ககிட்ட சொல்லுவேன்? ஏற்கெனவே என்னைக் கண்டாலே ஆகாது. புருஷனே பேசலன்னு தெரிஞ்சா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மலைக்கு நாங்க ரெண்டு பேரும் சேந்து போறதா இருந்தோம். ரொம்ப நாள் ஆசை. இவ்வளவு தூரம் வந்துட்டேன், நான் மட்டும் பாத்துட்டு வந்துடறேனேன்னார். எனக்கு ஆத்திரம். கூட யாரு வர்றா, அதான் என்னை வேணாங்கறீங்கன்னு கேட்டேன். பெரிய சண்டை. போனை வெச்சுட்டேன்."

"அப்புறம்?"

"யார்கூடப் போறார்னு பாக்கணும்னு தோணிச்சு. சிம்தான் இந்தப் போன்ல இருக்கே. வாட்ஸ்அப்பைத் திறந்தேன். நம்பர் கேட்டுது, குடுத்தேன். ஓடிபி கோடு வந்துது, அதுவே போட்டுக்கிச்சு. அவர் யார்கிட்ட என்ன பேசியிருக்கார்னு எல்லாம் தெரியும்னு நெனைச்சேன். உள்ள பழசு ஒண்ணும் இல்ல. வெறுமையா இருந்துது." அவள் நாத்தனாரைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனாள். "அன்னியிலேருந்து அவர் பேசல. மறுநாள் மனசு கேக்கல, நானே மன்னிப்பு கேட்டு என் போன்லேருந்து எழுதினேன். அது இந்தப் போனுக்கும் வந்துது. அங்கேயும் போயிருக்கும்னு நெனைச்சேன். கம்ப்யூட்டர்லயும் போன்லயும் ஒண்ணாக் காட்டுமே, அந்த மாதிரி. பாத்துட்டும் பதில் சொல்ல மாட்டேங்கறார், அவ்வளவு கோபம்னு நெனைச்சேன். அதுக்குள்ள அண்ணி, எங்கடா இருக்கேன்னு கேட்டாங்க. நான் நல்லா இருக்கேன்னு எழுதிட்டேன்."

தும்மல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கும்போது அவர் இதைச் செய்வார்.

"ஒரு நம்பர் ஒரு போன்லதாம்மா ஓடும். நீங்க இங்க திறந்த நிமிஷமே அங்க அவருக்கு மூடிடுச்சு. நீங்க கேட்ட மன்னிப்பு அவருக்குப் போகவே இல்ல."

"திரும்ப அவர் திறந்திருக்கலாமே?"

"திறக்கக் கோடு வேணும். கோடு எந்தப் போனுக்கு வரும்?"

அவள் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முதல் தடவையாக.

நான்தான் போய் அலமாரியிலிருந்து போனை எடுத்துவந்தேன். எடுக்காத அழைப்புகள் வரிசையாக இருந்தன. என்னுடையதைத் தவிர எல்லாம் ஒரே வெளிநாட்டு நம்பர்.

"இதெல்லாம்?"

"வெளிநாட்டு நம்பர் வந்தா எடுக்காதேன்னு அவர்தான் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனார்."

"யாரையாவது பிளாக் பண்ணியிருக்கீங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள் தும்மல் போனில் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டார். ஒரே ஒரு பெயர். சின்ன வட்டத்தில் ஒரு பெண்ணின் படம், வெயிலில் சிவந்த முகம், சிரிப்பு.

"நான் திறந்த அன்னிக்கே ராத்திரி இவ மெசேஜ் வந்துது சார். வேற பாஷை. மொழிபெயர்த்துப் பாத்தேன். 'காலையில் உங்கள் அறைக்கு வருகிறேன், எனக்காகக் காத்திருங்கள்'னு இருந்துது. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. அதுக்கு மேல படிக்கல. பிளாக் பண்ணிட்டேன்."

தும்மல் மீதியையும் மொழிபெயர்த்துப் படித்தார். மெதுவாக, ஒரே குரலில். 'தனியாகக் கிளம்பாதீர்கள். மேலே வானிலை மாறுகிறது, பழைய பாதை சரிந்திருக்கிறது. கயிறும் இன்னொரு ஆளும் கொண்டு வருகிறேன். பார்த்ததும் பதில் போடுங்கள்.'

"யாரு சார் அது?" என்றாள் அக்கா.

"மலைக்குக் கூட்டிட்டுப் போற வழிகாட்டியா இருக்கும்மா."

பிளாக்கை எடுத்துவிட்டு அந்த வழிகாட்டியைக் கூப்பிட்டார், எல்லாருக்கும் கேட்கும்படி. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். இரண்டு பக்கமும் அரைகுறை ஆங்கிலம். ஆனாலும் ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை, தப்பியிருக்கக் கூடாதா என்று இப்போதும் நினைக்கிறேன்.

"அப்பாடா, நீங்களா" என்றாள் அவள் சந்தோஷமாக. "பத்திரமா ஊர் போய்ச் சேந்துட்டீங்களா? என்மேல என்ன கோபம், ஏன் பேசறதை நிறுத்திட்டீங்க?"

என் முதலாளி மறுபடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பேசுவது அவன் இல்லை என்றார். அவன் ஊர் வந்து சேரவில்லை என்றார்.

அப்புறம் அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அன்றைக்குக் காலை அவள் லாட்ஜுக்குப் போனபோது அவன் கிளம்பிவிட்டிருந்தான். அவளிடமிருந்து தகவல் வராததால் வெளிச்சம் வரும்வரை காத்திருந்துவிட்டுத் தனியாக ஏறிவிட்டான். முந்தின ராத்திரி லாட்ஜ்காரர், 'வீட்டுக்குப் பேச வேண்டுமானால் என் போனில் பேசுங்கள்' என்று சொல்லியிருக்கிறார். 'வேண்டாம், என் வீட்டம்மா என்மேல கோபத்துல என் வாட்ஸ்அப்பையே பிடுங்கிட்டா. ஆறட்டும், நேர்ல போய்ச் சமாதானம் பண்ணிக்கறேன்' என்று சிரித்தானாம்.

சாயங்காலம் அவன் திரும்பவில்லை என்றதும் தேட ஆள் போனது. லாட்ஜ்காரர் அவன் பதிவு செய்திருந்த நம்பருக்கு ஓயாமல் கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. பழைய பாதைக்குக் கீழே, சரிவில், விசில் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது என்று தேடப் போனவர்களில் ஒருவன் சொன்னான். காற்றாக இருக்கும் என்றார்கள் மற்றவர்கள். எதற்கும் மறுநாள் கயிறு கட்டி இறங்கிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

"கயிறுகூடக் கட்டியாச்சு" என்றாள் அவள். "அப்பத்தான் உங்க தூதரகத்துலேர்ந்து தகவல் வந்துச்சு. ஆள் நல்லா இருக்கார், ஆபீசுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கார்னு. படத்தோட. எல்லாரும் சிரிச்சுட்டு இறங்கி வந்துட்டோம். அன்னிக்கு ராத்திரியே பனி விழ ஆரம்பிச்சுடுச்சு."

"இப்போ போய்ப் பாக்க முடியாதா?" என்று அக்கா குறுக்கே கேட்டாள், எங்கள் மொழியிலேயே. தும்மல் அதை மாற்றிக் கேட்டார்.

"பாதை பூரா மூடியிருக்கு. பனி உருகினாத்தான். உருகினதும் நானே போறேன்." அவளும் அழ ஆரம்பித்திருந்தாள். "உருகினதும் அவர் உடம்பையாவது..."

தும்மல் அழைப்பைத் துண்டித்தார்.

எண்ணெய்த்தலைக் குமாஸ்தாவின் மெசேஜுக்குப் பதில் போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. தம்பி மனைவிக்கே புரிந்துவிட்டது. அவள் அழவில்லை. போனை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, சிம் இருக்கும் ஓட்டைக்குள் குத்த ஆரம்பித்தாள். முனை வழுக்கி வழுக்கிப் போனது.

"இதைக் கழட்டிட்டா அவருக்கே திரும்பப் போயிடுமா சார்?"

தும்மல்தான் சொன்னார்.

"போகாதும்மா. அந்தப் போன்ல இப்ப சார்ஜ் இருக்காது."

அவள் குத்துவதை நிறுத்தவில்லை. எக்ஸ்ரே அக்கா எழுந்தாள். நான் மறுபடி குறுக்கே போகத் தயாரானேன். இந்தத் தடவை பிடிக்க முடியுமா என்பதே எனக்குச் சந்தேகம். பிடிக்கத்தான் வேண்டுமா என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அவள் அடிக்கவில்லை. தம்பி மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த ஹேர்பின்னை அவள் விரலிலிருந்து பிரித்து எடுத்தாள்.

"கழட்டாதே."

"அண்ணி..."

"எழுதறது அவன் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். எழுத்தைப் பாத்ததுமே தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் தினமும் பதில் போட்டேன்." அக்கா நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள். "இன்னிக்கும் எழுது. பனி உருகற வரைக்கும் எழுது."

"என்னால முடியாது அண்ணி."

"எனக்கு மட்டும் முடியுதா? எழுதுடி."

அவள் கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். அக்காவின் கைப்பைக்குள் போன் சிணுங்கியது. எடுத்துப் படித்தாள். மடியில் வைத்துக்கொண்டு பதில் எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் கையில் பழைய போன் அதிர்ந்தது.

தும்மல் என் தோளைத் தொட்டார். நாங்கள் சொல்லிக்கொள்ளாமலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தோம். படி இறங்கி முடிக்கும்வரை மேலே ஒரு போனும் இன்னொரு போனும் மாறி மாறிச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தன.